தட்டினால் ஏறும் ஊர்

அருங்காட்சியகங்களில் ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைப்பதே என்னைப் போன்ற முட்டாள்களுக்காகத்தான். ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டிய இந்தச் சிற்றூரில் அப்படிப் பலகை இல்லை. நான் என்ன செய்வேன்?

மண்சரிவு நினைவுக் கூடம் என்பது மலைச்சரிவின் அடியில் ஒற்றை அறை. சேறு ஏறிய உயரத்தைக் காட்ட, சுவரில் என் மார்பளவுக்கு ஒரு காவிக் கோடு. கீழே சேறு இறுகிப்போன தையல் மெஷின். ஊசியில் இன்னும் நீல நூல் இருக்கிறது. வாசலில் ஒரு தண்டவாளத் துண்டும் சுத்தியலும் தொங்குகின்றன. அன்று இதைத் தட்டித்தான் ஊரை எழுப்பினார்களாம். பழைய காட்சிப் பொருள்தானே என்று ஓங்கி இரண்டு தட்டு தட்டுகிறேன்.

ஊரே எழுந்து ஓடுகிறது! சாமை புடைத்தவர்கள் முறத்தோடு, ஒருவர் தலை நிறைய சோப்பு நுரையோடு, கைக்குழந்தைகள், ஆடுகள், எல்லாம் எதிரே உள்ள பாறை மேட்டுக்கு. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. எனக்கு உதை நிச்சயம்.

மேட்டில் பச்சைப் புடவைக்காரர் ஒருவர் தலைகளை எண்ணி முடிக்கிறார்.

“அல்லாரும் வந்துட்டோம்!”

விசில் பறக்கிறது. “போன தபா இந்த ஸ்பீடு இல்லபா!” என்று நுரைக்காரர் குதிக்கிறார்.

நான் கீழிருந்தே கும்பிடு போடுகிறேன். “மன்னிச்சுக்குங்க அக்கா! நான்தான் சும்மா தட்டிட்டேன். மண்ணு எதுவும் சரியல, எறங்கி வாங்க!”

பச்சைப் புடவைக்காரர் சிரிப்பை நிறுத்துகிறார்.

“மொதல்ல நீங்க மேல ஏறுங்க.”