தளும்பாத கிண்ணம்

என் தாடையின் இடப்பக்கம் அரை அங்குலத்துக்கு ஒரு தழும்பு. புலி அடித்தது என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன், நம்பத்தான் ஆளில்லை. அதைப் போட்டது சங்கரன்கோவில் தேரடியில் சலூன் வைத்திருந்த அண்ணாச்சியின் கத்தி. வாத்தியார் வேலையில் சேருகிற அன்று பளபளவென்று போகலாம் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று தையல் போட்டுக்கொண்டேன்.

தங்கமான மனிதர். குடிதான் கெடுத்தது. மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடியபோது, இனி திருந்திவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவரோ ஓடைக்கரையில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியதைத் தேடிப் போனார். கண் மஞ்சளித்தது, கால் வீங்கியது, காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் கை ஆடியது. ஈரல் கெட்டுவிட்டது, இனியும் குடித்தால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள் கஞ்சித் தண்ணீரோடு படுத்தார்கள். என் சட்டையெல்லாம் ரத்தமாய்க் கிடந்ததைப் பார்த்த அன்று, அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, கத்தியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "மனுசன் தொண்டையில வைக்கிற கத்தி இது. கை நின்னாத்தான் தருவேன்."

அதற்கு மதினி வைத்த பரீட்சையை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். விடிந்ததும் சவரக் கிண்ணத்தில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கிணற்றடியிலிருந்து கடைவரை அண்ணாச்சி நடக்க வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் கடை திறக்காது. குடியை விட்ட முதல் வாரம் வேர்த்து நடுங்கினார், வேட்டியெல்லாம் ஈரம். "அண்ணாச்சி, எங்க வாசலையும் அப்படியே தெளிச்சிட்டுப் போங்க!" என்று பெண்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் தினமும் நடந்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றுதான் கிண்ணம் முதன்முதலாகத் தளும்பாமல் வந்தது. நடுத்தெரு என்றும் பாராமல் மதினி அழுதார்.

கை நின்றது, கடைக்குத்தான் ஆள் வரவில்லை; கத்தி வேலையில்லாமல் மதினியின் முந்தானையிலேயே கிடந்தது. என் தாடையைப் பார்த்தவன் எவன் அங்கே போவான்? தொழில் இல்லாமல் மறுபடியும் ஓடைக்கரைக்குப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். ஆவணியில் எனக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குப் பந்தலிலேயே, சொந்தபந்தம் பார்க்கச் சவரம் நடக்கும். அண்ணாச்சிதான் செய்ய வேண்டும் என்றேன். தாய்மாமா குதித்தார்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? தாலி கட்டுத அன்னைக்கு ரத்தம் பாக்கணுமால? பனவடலிசத்திரத்துல இருந்து வேற ஆளக் கூட்டிட்டு வாரேன்."

"என் தாடையால போன பேரு மாமா. என் தாடையாலதான் திரும்பணும்" என்றேன்.

கல்யாணத்தன்று அண்ணாச்சி கிண்ணத்தோடு பந்தலுக்குள் நடந்துவந்தபோது மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கத்தியைக் கொடுத்தார். கத்தி தழும்புப் பக்கம் வந்ததும், வீராப்புப் பேசிய எனக்கு உதறல் எடுத்தது. அண்ணாச்சி கையை எடுத்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆடாம இரும்வே மாப்ளே! என் கை நின்னுட்டு. ஒம்ம தாடைதான் ஆடுது."

பந்தலே வெடித்துச் சிரித்தது. எனக்கு முடிந்ததும், நான் எழுந்த பலகையில் அடுத்து உட்கார்ந்தது யார் என்கிறீர்கள்? தாய்மாமாதான்.

அதன்பிறகு இருபத்தைந்து வருஷம் ஒரு சொட்டும் தொடாமல், பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் அண்ணாச்சி போனார். எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. இன்று காலை கண்ணாடி முன்னால் நின்றபோது, குடித்தே அறியாத என் கை தானாக ஆடியது. கிண்ணத்துத் தண்ணீர் சிந்திச் சட்டை நனைந்தது. தழும்பின்மேல் நுரையைப் பூசிக்கொண்டே, "அண்ணாச்சி, இப்பக் கையும் ஆடுது, தாடையும் ஆடுது. நீரு எங்கவே போனீரு?" என்று சத்தமாகக் கேட்டுச் சிரித்தேன்.