காய்ச்சல் இல்லை என்று எழுதிய நாள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை மருந்து ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். என்னை எடுத்ததற்குக் காரணம், திருச்சியைச் சுற்றி எந்த ஊருக்கு எந்த பஸ், எந்த மினிபஸ், எத்தனை மணிக்கு என்பது எனக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் மும்பையில் ஹோட்டலில் தட்டு கழுவினேன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன். கடைசியாக ஒடிசா காட்டுக்குள் போர்வெல் போடும் லாரியில் இரண்டு வருஷம். அங்கே மலேரியா வந்து, வயிறு வீங்கி, ஊர் திரும்பினேன்.

ஆபீஸ் என்பது ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீடு. கீழே இரண்டு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், மேலே ஃபைல்கள். ஒரு டாக்டரம்மாவும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். கர்ப்பிணிகளுக்கு மலேரியா தடுப்பூசி போட்டு, அது தாய்க்கும் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் கெடுதல் செய்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை.

முதல் நாளே டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "ஏம்மா, இங்க மலேரியாவே கம்மி. ஒடிசாவுல போய்ப் போடலாமே?"

"அதனாலதாங்க இங்க. அங்க காய்ச்சல் வந்தா கொசுவாலயா ஊசியாலயான்னு குழம்பிப் போகும். இங்க வந்தா முதல்ல ஊசியைச் சந்தேகப்படலாம்."

பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாள் வீட்டுக்கே போய்க் காய்ச்சல் பார்க்க வேண்டும். டவுனில் உள்ள வீடுகளுக்கு நர்ஸ் போவார். ஆற்றங்கரையும் கிராமங்களும் எனக்கு. தெர்மாமீட்டர் வைத்து, எண்ணைத் தாளில் எழுதி, காய்ச்சல் இருந்தால் அங்கிருந்தே போன் செய்ய வேண்டும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் தங்கினால் குழந்தை போய்விடலாம் என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார். எனக்கு ஒரு தடவை போதும். ஒடிசாவில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்ணுக்கு அப்போது ஆறு மாசம். காய்ச்சலுக்கு மாத்திரை இருந்தது. அதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்று கம்பவுண்டர் பயந்தார், யாரும் அதைச் சோதித்துச் சொன்னதில்லை என்றார். நாலாம் நாள் அவளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிராக்டர் மட்டும் திரும்பி வந்தது.

இதை நான் ஸ்ரீரங்கத்துப் பெண்களிடம் சொல்வேன். சொன்னால் ஊசிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்கள். யாரையும் ஏமாற்றவில்லை. நான் நம்பியதைத்தான் சொன்னேன்.

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒரு பெண், கொள்ளிடக்கரைப் பக்கம் வாடகைக்கு இருந்தவள். அவள் கணவர் குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றுபவர். அவளுக்கு இது முதல் குழந்தை. நான் போனால், "வந்துட்டாருய்யா நம்ம கொசு அண்ணன்" என்று உள்ளே குரல் கொடுப்பாள். நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே பேசுவாள்.

"வாயை மூடும்மா, தப்பாக் காட்டும்."

"நீங்க ஒடிசாவுல மூடியிருந்தா கொசு உள்ள போயிருக்காதுல்லண்ணே?"

ஆறு மாசம் முடியும் சமயத்தில் அவளுக்கு இரண்டாவது ஊசி. அதில் ஒரு பிழை நடந்தது. இந்தச் சோதனைக்குத் திட்டம் போட்டவர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஏழாம் மாசம் பிறந்தால் வளைகாப்பு போட்டு, பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் எங்களிடம் அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஃபைலில் எல்லாருக்கும் கணவர் வீட்டு விலாசம் மட்டும் இருந்தது. இவளுக்கு ஊசி போட்ட மறுநாளே முகூர்த்தம் நல்லது என்று வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கிளறி, லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாம் நாள் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அவள் கணவர் போனில் சொன்னார்: "அண்ணே, அவங்கம்மாவுக்கு ஊசி விஷயம் தெரியாது. தெரிஞ்சா என்னை உள்ளயே விடமாட்டாங்க. பார்த்துப் பேசுங்க." ஊசி போட்டவளைப் பற்றி வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதியும்கூட.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, டோல்கேட் தாண்டி, லால்குடியில் இறங்கி, மினிபஸ்ஸில் போனேன். ஓட்டுநர், "கடைசி ஸ்டாப்புல டீ குடிச்சிட்டுத் திரும்பிடுவேன், விட்டா அடுத்தது ரெண்டு மணி நேரம்" என்றார். வாசலில் அவள் அம்மா நெல் காயவைத்துக் கொண்டிருந்தார்.

"சுகாதார ஆபீஸ்லேருந்து வரேன்மா. கர்ப்பிணி அட்டை பார்க்கணும். பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

"இப்பத்தான் தூங்குறா, தம்பி. நல்லாதான் இருக்கா."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீங்க ஒண்ணு. வளையல் போட்டு மூணு நாளுகூட ஆகல. வெளி ஆளு கண்ணு படவேணாம்னு நாங்களே யாருக்கும் காட்டல. இன்னொரு நாளைக்கு வாங்களேன்."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. தூங்குபவள் கை அவ்வளவு சத்தம் போடாது. அது எனக்கு அப்போதே பட்டது. மினிபஸ் ஹாரன் அடித்தது. நான் தெருவில் நின்று, முழங்காலில் தாளை வைத்து 98.4 என்று எழுதினேன். காய்ச்சல் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரைக்கும் மினிபஸ்ஸில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன். நல்லாதான் இருக்கா என்று பெற்றவளே சொல்கிறாளே.

ஒன்பதாம் நாள் அவள் கணவர் ஆபீஸுக்கு வந்தார். வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வயிற்றில் அசைவு நின்றுபோய், திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை இறந்தபடி எடுத்தார்கள், அவளை அம்மா வீட்டுக்கே திரும்பக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றார். பெண் குழந்தை.

"ஊசியாலயாம்மா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். "அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கச் சொன்னா. ஊசியாலயா, இல்ல அவ உடம்பே அப்படியா? உடம்பு அப்படின்னா இனிமே குழந்தையே வேணாம்ங்கறா."

டாக்டரம்மா என் தாளை எடுத்துப் பார்த்தார். எழுதிய ஐந்து நாளும் காய்ச்சல் இல்லை. "ஊசிக்குப் பிறகு உடம்பு நல்லா இருந்திருக்கு. ஊசியா இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் பாக்கறோம்" என்றார். அவள் கணவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவள் உடம்பே அப்படி என்ற பதிலைத்தான் அவர் கொண்டுபோகிறார் என்பது எனக்குப் புரிய அவர் வண்டி கிளம்பும் நேரம் ஆயிற்று.

நான் மாடிக்குப் போய், பார்க்காமலே எழுதியதைச் சொன்னேன். டாக்டரம்மா கத்தவில்லை.

"இந்தத் தாளை நம்பித்தான் நாளைக்கு எங்கேயோ ஒரு ஊர்ல ஆயிரம் கர்ப்பிணிக்கு ஊசி போடுவாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"இப்படி எத்தனை தாள்?"

யோசித்தேன். மண்ணச்சநல்லூரில் ஒன்று, மழை நாள். இன்னும் மூன்று இருக்கும். சொன்னேன். அவர் சிவப்புப் பேனா எடுத்து நான் எழுதிய எல்லாத் தாள்களிலும் குறுக்கே கோடு போட்டார். நல்ல தாள்கள் அதில் அதிகம். வெயிலில் நடந்து, காத்திருந்து, நாக்குக்கடியில் வைத்துப் பார்த்து எழுதியவை. அதையெல்லாம் அவர் பிரித்துப் பார்க்க முடியாது.

மறுநாள் லால்குடிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. அவள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "அட்டை எல்லாம் இனிமே எதுக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, பூ வாங்கக் கிளம்பினார். உள்ளே போனபோதுதான் எதற்குப் பூ என்று தெரிந்தது. பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. வளையல்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"காய்ச்சல் பாக்காமலே இல்லைன்னு எழுதிட்டேம்மா. டாக்டரம்மா உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னது என் தாளைப் பார்த்துச் சொன்னது. அது பொய்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க வந்தது கேட்டுச்சு" என்றாள்.

"கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். எழுந்து உக்காந்தேன். நீங்களா உள்ள வருவீங்கன்னு பார்த்தேன்." பிறகு, "எங்கம்மாகிட்ட இடுப்பு வலின்னுதான் சொன்னேன். கசாயம் குடுத்தாங்க" என்றாள்.

தலைமாட்டில் துணி அடுக்கிய பெட்டி இருந்தது. அதற்குள் கைவிட்டு நாலு நாட்காட்டித் தாள்களை எடுத்தாள். தினமும் கிழிக்கும் சின்னத் தாள். பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தாள். ஊசி போட்டவர்கள் எல்லாருக்கும் ஆபீஸிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் கொடுத்திருந்தோம். யாரும் அதைப் பெட்டியைவிட்டு வெளியே எடுப்பதில்லை, அதனால்தான் என்னை அனுப்பினார்கள். இவள் எடுத்திருக்கிறாள். 100.8. 102. 102.6. 101. பக்கத்தில் நேரமும் போட்டிருந்தாள். அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் நேரம்.

நான் வழக்கம்போலச் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்துவிட்டேன், எதற்கென்று தெரியாமல்.

"நீங்க ஒண்ணும் எழுதாதீங்க" என்றாள். "டாக்டரம்மாகிட்ட அப்படியே குடுங்க."

அண்ணே என்று சொல்லவில்லை.

டாக்டரம்மா அந்தத் தாள்களை மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஊசி போட்ட இரண்டாம் நாளே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. ஊசியாக இருக்கலாம், சிறுநீரில் கிருமியாக இருக்கலாம், வேறு எதாகவும் இருக்கலாம். அன்றைக்கே ரத்தம் எடுத்திருந்தால் சொல்லியிருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். உடம்பே அப்படி என்று யாரும் சொல்ல முடியாது என்பதையாவது அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அவரே போன் எடுத்து அவளிடம் பேசினார். என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது, நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். அதற்குப் பிறகு, மேலிடத்தில் முடிவு சொல்லும்வரை யாருக்கும் ஊசி கிடையாது என்று எழுதி அனுப்பினார்.

என்னை அன்றோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். ஆனால் மறுநாள் ஊசிக்கு வரவேண்டிய ஆறு பெண்களுக்குத் தகவல் சொல்ல வேறு ஆள் இல்லை. "இதை மட்டும் நேர்ல பார்த்துச் சொல்லுங்க. வாசல்லயே நின்னு சொல்லிட்டு வராதீங்க" என்றார்.

ஐந்து வீட்டில் சரி என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீடு மலைக்கோட்டைக்குக் கீழே, பாத்திரக் கடைச் சந்தில் மாடியில். ஐந்து மாசக்காரி. ஈரக் கையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"நாளைக்கு ஊசி இல்லீங்களா? ஸ்கேனும் இல்லையா? நான் லீவு சொல்லிட்டேனே. ஏன், என்ன ஆச்சு?"

என்ன சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் ஒரு வரி கொடுத்திருந்தார்கள், நிர்வாகக் காரணம் என்று. முந்தைய ஐந்து வீட்டிலும் அதைத்தான் சொன்னேன்.

"உள்ள வரலாமாம்மா?" என்றேன். நாற்காலி போட்டாள். ஊரையும் பேரையும் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்று எழுதியது யார் என்பதையும். அவள் வயிற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

"அப்ப எனக்கு ஏழு நாளும் வந்து பார்த்தாங்களே ஒரு அம்மா, அவங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"நர்ஸம்மா" என்றேன்.

"நல்லவேளை" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.