அடகு வைத்த மூக்குக்கண்ணாடி

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது பதினைந்து ரூபாய் கைமாற்றில். அதற்கு நான் வைத்த அடகு, என் தகப்பனாரின் மூக்குக்கண்ணாடி. அவரைக் கேட்டுக்கொண்டா எடுத்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டுக்கொண்டு எடுத்திருந்தால் நான் நல்ல பெண்ணாக இருந்திருப்பேன், பரீட்சைதான் எழுதியிருக்க மாட்டேன்.

நைனாவுக்குக் குடி இல்லை, பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. சனிக்கிழமையானால் கிண்டி குதிரைப் பந்தயம் மட்டும் உண்டு. ஒரு துணிக் கம்பெனியில் குமாஸ்தா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். குதிரை விஷயத்தில் மட்டும் ஞானசூன்யம். அவர் பணம் கட்டினால் நல்ல குதிரைக்கும் கால் சுளுக்கிக்கொள்ளும் என்பாள் அம்மா. ஜெயித்த நாளில் பஸ்ஸில் வருவார், கையில் அல்வாப் பொட்டலம் இருக்கும். தோற்ற நாளில் கிண்டியிலிருந்து மயிலாப்பூர் வரை நடந்தே வருவார். வாசலில் அவர் செருப்பைத் தட்டும் சத்தத்திலேயே எங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் நான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பான ஆறாவது பாரம் படித்தேன். பரீட்சைக் கட்டணம் பதினைந்து ரூபாயைச் செவ்வாய்க்கிழமைக்குள் கட்ட வேண்டும். அம்மா பருப்பு டப்பாவுக்குள் ஒளித்துச் சேர்த்திருந்த பணத்தை, "நானே ஸ்கூல் ஆபீஸ்ல கட்டிட்டு வர்றேன்" என்று சனிக்கிழமை காலையில் நைனா வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் நடந்து வந்தார்.

அம்மா சோற்றைப் போட்டாள். அவர் தட்டைப் பார்த்தபடியே, "அடுத்த வருசம் எழுதினா இன்னா? பரீட்சை எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

பரீட்சை ஓடாது, என்னைத்தான் ஓட்டிவிடுவார்கள். சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்து ஏற்கெனவே ஜாதகம் வாங்கிப் போயிருந்தது. வரும் மார்ச்சில் நான் பரீட்சை எழுதாவிட்டால் வைகாசியில் கல்யாணம் நிச்சயம். டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று மூன்று வருஷமாக மனசுக்குள் புடவையெல்லாம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

கச்சேரி ரோட்டில் கடியாரமும் மூக்குக்கண்ணாடியும் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று எங்கள் வீட்டு டைம்பீஸை நான் மூன்று தடவை பிரித்திருக்கிறேன். மூன்று தடவையும் மூடத் தெரியாமல் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வகையில் நாங்கள் பழைய சிநேகிதர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நைனா குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அலமாரியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

"இன்னா பாப்பா, மறுபடியும் டைம்பீஸைக் கொன்னுட்டியா?"

"இல்ல பாய், பதினஞ்சு ரூபா கடன் வேணும்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். எதிர்வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து மாசம் ஒன்றரை ரூபாய் அடைப்பேன், பத்து மாசத்துக்கு வட்டி ஒன்றரை ரூபாய் தனி என்று வாய்க்கணக்காகவே போட்டுக் காட்டினேன். அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"வட்டி எங்களுக்கு ஹராம். அந்தப் பேச்சை எடுத்தே, கடனே கிடையாது."

வட்டி இல்லாத கடனை எங்கள் கணக்குப் புத்தகத்தில் நான் பார்த்ததே இல்லை. ஓசி வாங்குவது போல மானக்கேடாக இருந்தது. அடகாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்க நைனாவுதாச்சே! இது இல்லாம ரேஸ் புஸ்தகத்தை எப்படிப் படிப்பாரு?"

"அதுக்குத்தான் பாய் கொண்டாந்தேன்."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. பதினைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.

வீட்டில் இரண்டு நாள் ஒரே ரகளை. நைனா அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுத் தேடினார். நானும் கூடவே சேர்ந்து மும்முரமாகத் தேடினேன். ஆனால் பரீட்சைக் கட்டணம் என்ன ஆயிற்று என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு முகம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் பழுப்பு பிரேம் போட்ட கண்ணாடியோடு வந்து நின்றார். "பாய் தங்கமான மனுசன். பதினஞ்சு ரூபா கண்ணாடி. மாசம் ஒன்றரை ரூபா குடுத்தா போதும்னுட்டாரு" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடினேன். பாய் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "லென்ஸ் அதேதான், பிரேம் மட்டும் மாத்தினேன். உன் கடனை அவரு கட்டிடுவாரு. நீ பாடம் சொல்லிக் குடுக்கற காசை மேல்படிப்புக்கு வச்சுக்க."

"நைனா பாவம் இல்லையா பாய்?"

"யாரு தோத்த பணம் பாப்பா அது? மாசம் முதல் சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு நேர்ல வந்து கட்டணும்னு சொல்லி வச்சிருக்கேன். அன்னிக்கு ஒரு நாளாவது கிண்டிகிட்டேருந்து அவரு தப்பிக்கட்டும்."

அதற்குப் பிறகு எனக்குத்தான் அவஸ்தை. "இன்னா இருந்தாலும் பழைய கண்ணாடி போல வராது" என்று நைனா பெருமூச்சு விடும்போதெல்லாம் நான் குழாயடிக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவேன். பாய் மட்டும் என்னவாம்? முதல் சனிக்கிழமைகளில் அந்த வழியாகப் போனால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

மார்ச்சில் பரீட்சை எழுதினேன். ரிசல்ட் வந்த அன்று நைனா பேப்பரை விரித்து, விரலை வைத்துக்கொண்டே போய் என் நம்பரைக் கண்டுபிடித்தார். இரண்டு தடவை உரக்கப் படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினார்.

"இடது கண்ணுல, மேல் ஓரத்துல இன்னா தெரியுது?"

எல்லாம் மங்கலாக இருந்தது. அதற்குள்ளும் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. "ஒரு கீறல் நைனா."

"எட்டு வருசமா அந்தக் கீறல் வழியாத்தான் பேப்பர் படிக்கிறேன். பிரேமை மாத்தினா எனக்குத் தெரியாதா? அன்னிக்கே பாய் கடையிலேயே தெரிஞ்சுபோச்சு. விலை சரியா பதினஞ்சு ரூபான்னாரு, நம்ம பொண்ணு இதை வச்சுத்தான் கட்டணத்தைக் கட்டிட்டாள்னு புரிஞ்சுகிட்டேன்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்ப ஏன் நைனா பணம் கட்டிக்கினு வந்தீங்க?"

"தோத்தது நான்தானேம்மா."

அவர் கிண்டிக்குப் போவதை அதோடு விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான். போனார், முதல் சனிக்கிழமையைத் தவிர. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கண்ணாடியைக் கழற்றத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

நைனா கண்ணாடியை வாங்கி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார். "இன்னும் மூணு தவணை கீது. அதையும் நானே கட்டிடறேன். நீ பாய்கிட்ட ஒண்ணும் உளறி வைக்காதே. என்னை ஏமாத்திட்டோம்னு மனுசன் அவ்வளவு சந்தோசமா கீறாரு."

கடைசித் தவணைக்கு நானும் கூடப் போனேன். பாய் பணத்தை வாங்கிக்கொண்டு, "கண்ணாடி எப்படி சார் இருக்கு?" என்று கேட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பழசு போல வராது பாய்" என்றார் நைனா. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.