ஐஸ் பெட்டிக்குள் வைத்த கான்

என் மகளுக்கு ஆறு வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்தே கால்கள் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டு வந்தன. பாலும் மீனும் முட்டையுமாக ஊட்டினேன், வளைவுதான் கூடியது. மட்டக்களப்பு டொக்டர், ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். எலும்புக்குப் பலம் தருகிற பொஸ்பரஸ் அதோடு எவ்வளவு வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டுமாம். துளியும் தவறக் கூடாது, குளிரிலேயே வைக்க வேண்டும் என்று பெரிய பிளாஸ்டிக் கான் ஒன்றைத் தந்தார்கள்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பக்கத்து வளவில் இருக்கும் அக்கா முறையான ராத்தாவிடம் போய், அவள் பிரிட்ஜில் வைக்க இடம் கேட்டேன்.

"நஜீஸக் கொண்டந்து சோறு கறியோட வெக்கிறதா? உனக்கு மூளை கீளை இருக்கா?"

மூத்திரம் நஜீஸ், அசுத்தம்தான்; அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் பிள்ளைக்கு வந்திருந்தால் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன். என் கணவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். அன்று வலைக்குப் போகாமல் மீன் பெட்டியைக் கழுவி, ஐஸ் நிரப்பி, கானை அதற்குள் வைத்தார். மகள் ஒவ்வொரு முறையும் மூத்திரச் சட்டியைத் தானே தூக்கி வந்து ஊற்றினாள்.

"ஒரு சொட்டும் சிந்தல்ல உம்மா" என்று பெருமை வேறு.

பரிசோதனை முடிவு வந்த அன்று அவளை வைத்துக்கொண்டே டொக்டர் சொன்னார்.

"பொஸ்பரஸ் உடம்புல நிக்குதில்ல. எல்லாம் மூத்திரத்தோட போகுது. பிறப்பிலேயே உள்ள குறை. மருந்து இருக்கு, வருஷக்கணக்கா குடிக்க வேணும். ஆனா இப்ப இங்க கிடைக்குதில்ல."

"கிடைக்கும் வரைக்கும் என்ன செய்யிற டொக்டர்?"

அவர் அடுத்த முறை வர வேண்டிய திகதியைத் துண்டில் எழுதித் தந்தார். யா அல்லாஹ், இதைக் கேட்கவா அந்தக் கானை அவ்வளவு பத்திரமாகச் சுமந்து வந்தேன்? நான் ஊட்டியதெல்லாம் எங்கே போனது என்று அன்றுதான் விளங்கியது. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

எங்கள் ஊர் ஏறாவூர் வரும்வரை மகள் பஸ்ஸில் தொடைகளை இறுக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்தும் அப்படியே சுவரோரமாக நின்றாள்.

"மூத்திரம் முட்டிக்கொண்டு நிக்கிறாய். போய்ட்டு வா புள்ள."

"மாட்டன்."

"அடி வாங்கப் போறாய்" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கக்கூசில் இருத்தினேன். கொஞ்சம் போனதும் பல்லைக் கடித்து நிறுத்திவிட்டாள்.

"மிச்சத்த வெச்சிக்கிறன் உம்மா" என்றாள். "கால் நேராகட்டும்."