அண்ணனின் கோ-கார்ட்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த வருடம் என் அண்ணன் திருவெறும்பூர் வீட்டின் பின்புறம் ஒரு கோ-கார்ட் செய்தான். குழாய்களைப் பற்றவைத்த சட்டம், பழைய மொபெட் இன்ஜின், நான்கு ஸ்கூட்டர் டயர்கள். நான் அப்போது பிளஸ் டூ. எடை குறைவு என்பதால் ஓட்டுவது என் வேலை.

முதல் ஓட்டத்தில் சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திவிட்டார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றினான். வேகம் கூடியது, ஆனால் கிளம்பும்போது இழுவை இல்லை.

“பெட்ரோல் பத்தலை. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டைப் பெரிய துளையுள்ளதா மாத்தணும்” என்றான். சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் அலைந்து ஒன்றைத் தேடி வாங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை மாட்டினான். வண்டியின் பின்பக்கத்தைச் செங்கல் வைத்துத் தூக்கியிருந்தோம். நான் சீட்டில் இருந்தேன். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால்தான் செயின் சுற்றும். அவன் குனிந்து, செயின் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று விரலால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கால எடுத்துடு” என்றான். எனக்குக் கேட்டது. புது ஜெட்டின் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்கவேண்டும் என்று ஆசை. மிதித்தேன்.

அவன் கத்தவில்லை. “ஆஃப் பண்ணு” என்று மட்டும் சொன்னான். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டார்: “எப்படிடா ஆச்சு?”

“என் தப்புதான்ப்பா. கவனிக்காம கைய விட்டுட்டேன்.”

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர அவனுக்கு ஆர்டர் வந்திருந்தது. மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். அப்பா கார்ட்டைப் பழைய இரும்புக்குப் போட்டார். வருகிறவர்களிடமெல்லாம், “பொறுப்பிருந்தா இந்நேரம் இவன் வேலையில இருப்பான்” என்பார். அண்ணன் தலை நிமிராமல் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நானும் அங்கேதான் இருப்பேன். பலமுறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். பயந்து, தண்ணீர் எடுக்கப்போவதுபோல எழுந்து போய்விடுவேன். பிறகு கல்யாணமாகி ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். அவன் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தான்.

போன தை மாதம் அப்பா இறந்தார். காரியம் அம்மா மண்டபப் படித்துறையில் நடந்தது. புரோகிதர் தர்ப்பைப் பவித்திரத்தை நீட்டி, “மோதிர விரல்ல போட்டுக்கோங்கோ” என்றவர், கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அண்ணன் சுண்டு விரலை நீட்டினான். அதில் அது நிற்கவில்லை. மந்திரம் முடியும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தான்.

எல்லாம் முடிந்தபின், “அப்பாகிட்ட நான் சொல்லியிருக்கணும்ண்ணா” என்றேன்.

ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே, “உன்னையும் திட்டியிருப்பாரு. ஒருத்தர் வாங்கினது போதும்” என்றான். பிறகு படியேற அம்மாவுக்குக் கைகொடுக்கப் போனான்.

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.