இன்னும் பழுக்கலையாம்

என் வலது கண்ணில் முதலில் வந்தது இருட்டு இல்லை, வெள்ளை. அலுவிகாரையில், ஏ9 வீதியோரம் என் தம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நின்று ஒரு காலையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். ஆவிதான் கண்ணை மறைக்கிறது என்று முந்தானையால் துடைத்தேன். ஆவி போய்விட்டது, மறைப்பு போகவில்லை. வெளியே போய் வெயிலில் நின்று பார்த்தேன், இன்னும் மோசம். வெயில் ஏற ஏற அந்தக் கண்ணுக்குப் பஞ்சைத் திணித்தது போல இருந்தது.

அந்தக் கடைக்கு நான் வந்து அப்போது நாலு வருஷம் இருக்கும். அதற்கு முன் எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் தூக்கினேனே தவிர, எனக்கென்று கல்யாணமோ பிள்ளையோ அமையவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைவிடப் பதினாலு வயது சின்னவனான தம்பியை நான்தான் வளர்த்தேன். தோட்டத்துக்குள் இருந்தால் சிங்களம் வராது, சிங்களம் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்று அவனை மாத்தளையில் தங்கிப் படிக்க வைத்ததும் நான்தான். அவன் நன்றாகவே படித்தான். எனக்குச் சந்தையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும்.

அதனால் கண் கிளினிக்குக்கு அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் என் நாடியை ஒரு மிஷினில் வைக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "மேக்க இதென்ன கலின் கரமு" என்றார். என் கண்ணைப் பார்த்துத் தமிழில் 'இதென்ன' என்று கேட்கிறாராக்கும் என்று எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது. சந்தையில் வாழைப்பழம் விற்கிறவள் 'இதுனு கெசெல்' என்று கத்துவாள். இதுனு என்றால் பழுத்தது. அப்படியானால் 'இதென்ன' என்றால் பழுக்க. அந்த ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது, மற்றதெல்லாம் வெறும் சத்தமாகத்தான் காதில் நின்றது.

"என்னடா சொல்றாரு?" என்று கேட்டேன்.

"இன்னும் பழுக்கலையாம்க்கா. நல்லா முத்தினாத்தான் வெட்டுவாங்களாம். கொஞ்ச நாள் போவட்டுமாம்."

தம்பி டொக்டரிடம் திரும்பி ஏதோ சொன்னான். டொக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு என் கிளினிக் கொப்பியில் எழுதினார். என் மேல் இரக்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஏன் நம்பமாட்டேன்? தோட்டத்தில் எல்லாரும் சொல்கிற கதைதான் அது. புரை முத்தட்டும், காயாக வெட்டினால் கண் போய்விடும் என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். போதாததற்கு 'பழுக்க' என்ற சொல்லை என் காதாலேயே கேட்டேன். அரைகுறைச் சிங்களத்தை வைத்துக்கொண்டு தம்பி சரியாகத்தான் சொல்கிறான் என்று சாட்சி சொன்னவளும் நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என் கண் பழுத்தது. வாழைத்தாரைப் புகை போட்டால் நாலு நாளில் பழுத்துவிடும், என் கண் நான் நின்ற புகைக்கும் பழுக்கமாட்டேன் என்கிறதே என்று நானே பகிடி பண்ணினேன். தம்பியும் சிரித்தான். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் எது கிட்ட, எது எட்ட என்று மட்டுப் பிடிக்க முடியாது. சம்பலைத் தட்டில் வைப்பதாக நினைத்து மேசையில் வைப்பேன். ஒருநாள் இடியப்பச் சட்டியின் மூடியைத் திறக்கும்போது கையை ஆவிக்குள்ளேயே நீட்டிவிட்டேன். மணிக்கட்டு தோலுரிந்து போயிற்று. தம்பி ஓடிவந்து பற்பசை பூசிவிட்டான். "பாத்து வேல செய்யுங்கக்கா" என்றான்.

நடுவில் இன்னொரு தடவை கிளினிக்குக்குப் போனோம். அன்றைக்கும் பழுக்கவில்லையாம். தமிழில் இந்த 'ஆம்' இருக்கிறதே, பொல்லாதது. சொன்னவன் ஒருத்தன், கொண்டுவந்தவன் ஒருத்தன் என்று ஆகிவிடும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றாது.

மூன்றாவது தடவை போனபோது கண்மணியே வெள்ளையாகத் தெரிகிறது என்று கடைக்கு வருகிறவர்களே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இடது கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. தம்பி ஓட்டோவை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான், நான் முன்னால் போய் வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைக்குப் புதிதாக ஒரு தாதி மிஸி இருந்தார். மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை, வாய் நிறையத் தமிழ், 'இருக்கு' என்பதை 'ஈக்கு' என்பார். என் கொப்பியைப் புரட்டினவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் அம்மா இவ்வளவு காலம் வரல்ல? ரெண்டு தடவ ஒப்பரேஷனுக்கு தேதி குடுத்து ஈக்குதே."

"பழுக்கலன்னு சொன்னாங்களே மிஸி."

"யாரு சொன்ன? இங்க அப்பிடி இல்ல. பழுக்க முந்தி செஞ்சாத்தான் லேசு. 'நோயாளிக்கு விருப்பமில்ல, பயப்படுறா'ன்னு ரெண்டு தடவயும் எழுதி ஈக்குது. நீங்க தானே வேணாம்னு சொல்லி ஈக்கிறீங்க?"

நான் எங்கே சொன்னேன்? அந்த அறையில் டொக்டரிடம் நான் வாயே திறக்கவில்லை. இருந்தும் எனக்கு விருப்பமில்லை என்று என் கொப்பியில் எழுதியிருந்தது. அந்தக் கொப்பியை மழை படாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றி, என் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தவள் நான்.

முதல் நாள் டொக்டர் சொன்ன 'கலின்' என்றால் என்ன என்று மிஸியிடம் கேட்டேன். முந்தி, அதற்கு முதல் என்றார். பழுக்க முந்திச் செய்வோம் என்றுதான் டொக்டர் முதல் நாளே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிள்ளை பொறுமையாக விளக்கினார். கண்மணிக்குப் பின்னால் ஒரு வில்லை இருக்கிறதாம். கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிற அது வயது போகப் போக மங்குமாம். அதுதான் புரை. மருந்து விட்டுக் கரைக்க முடியாது, அந்த வில்லையை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். முந்தின காலத்தில் முத்தட்டும் என்று காத்திருந்தது உண்மைதான். இப்போது அப்படியில்லை. விட்டுவிட்டால் கல்லாக இறுகிப் போகும், வெட்டும் பெரிதாகும், சுகமாவதற்கும் நாள் எடுக்கும். உள்ளே நரம்பு எப்படி இருக்கிறது என்று இவ்வளவு வெள்ளைக்குள்ளால் டொக்டருக்கே சரியாகத் தெரியாதாம். "பார்வ வரும்னு நம்புவோம். உறுதியா சொல்ல ஏலா" என்றார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். என் கண் கெட்டதோ என் குற்றத்தால்கூட இல்லை.

ஓட்டோவில் திரும்பும்போது கேட்டேன். தம்பி முன்னால் பார்த்தபடியே ஓட்டினான்.

"ஒப்பரேஷன் செஞ்சா ஒரு மாசத்துக்கு அடுப்புப் பக்கமே போவக் கூடாதாம்க்கா. பொக ஆவாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாதுன்னாங்க. எவ வந்து இடியப்பம் பிழிவா? ஒரு மாசம் பூட்டினா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிருவான். சீசன் முடியட்டும்னு நெனச்சேன்."

"ரெண்டு சீசன் முடிஞ்சிருச்சேடா."

"நீங்களும் பயந்தீங்க தானேக்கா."

"பயந்தேன்னு ஒங்கிட்ட நான் சொன்னேனா?"

அவன் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பதை நூறு தடவை சொல்லியிருப்பேன், மற்றவர்களுக்காக. அன்றைக்குத்தான் அது எங்கே வலிக்கும் என்று தெரிந்தது. அவன் கடையை நினைத்ததுகூட எனக்கு ஆறிவிடும். நான் தேடிக் கொடுத்த சிங்களத்தை வைத்து, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, என் வாயால் என் கண்ணை வேண்டாம் என்று சொன்னானே, அதுதான் ஆறவில்லை. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

ஒப்பரேஷனைப் பற்றியும் ஆளாளுக்குப் பொய்தான் சொன்னார்கள். பத்து நிமிஷ வேலை, தெரியவே தெரியாது என்றார்கள். எனக்குப் பத்து நிமிஷத்தில் முடியவில்லை. சொட்டு மருந்தை விட்டு விட்டுக் கண்மணியை அகலமாக்கினார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள், அது மட்டும் வலித்தது. முகத்தை மூடிப் பச்சைத் துணி, அதில் கண்ணுக்கு ஓர் ஓட்டை. மயக்கம் கொடுக்கவில்லை, விழித்துக்கொண்டேதான் கிடந்தேன். கத்தி தெரியவில்லை. வெளிச்சம் தெரிந்தது, தண்ணீர் ஓடுவது தெரிந்தது, டொக்டர் பெருமூச்சு விடுவதும் கேட்டது. ஏதோ இறுகிக் கிடக்கிறது என்று விளங்கியது. மிஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்கம்மா, லைட்டயே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தையலும் போட்டார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் பளிச்சென்று எல்லாம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தது போல இருந்தது. மணல் விழுந்தது போல உறுத்தல். போய்விட்டது, என் கண் போயே போய்விட்டது என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் கூடாது என்று மிஸி ஏசினார். வீட்டில் தம்பிதான் ஒரு நாளைக்கு ஆறு தடவை மருந்து விட்டான். தலையைச் சாய்த்து அவன் கைக்குக் கண்ணைத் திறந்து கொடுப்பதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் திறந்தேன்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மருந்து விட்டு முடித்து அவன் நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. கோணல் மாணலாக, ஆனால் தெரிந்தது. காதோரம் நரைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என் தம்பிக்கு எப்போது வயது போயிற்று என்று திக்கென்றது. அவனும் அழுதான். "மன்னிச்சிருங்கக்கா" என்றான். மருந்துப் போத்தலை அவன் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தேன். அந்தக் கண்ணுக்கு முழுப் பார்வை வரவில்லை, கண்ணாடி போட்டும் ஓரளவுக்குத்தான். முந்தியே செய்திருந்தால் வந்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்கச் சொல்லி அவனிடமே எப்படிக் கேட்பேன்?

நாலு மாதம் கழித்து இடது கண்ணுக்காகப் போனோம். போவதற்கு முன்பே அந்த மிஸியிடம் ஒரு வசனம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதே டொக்டர்தான். கண்ணைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், வழக்கம் போல என் தலைக்கு மேலால் தம்பியிடம் ஏதோ கேட்டார். தம்பி வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மம கெமதியி, மாத்தயா" என்றேன். எனக்கு விருப்பம் ஐயா.

டொக்டர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். அவர் எழுதி முடித்துக் கொப்பியை நீட்டியபோது தம்பி கை நீட்டினான். நானே வாங்கி, புதுக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். எழுத்து எனக்குத் தெரியாத எழுத்து, ஆனால் தேதி இலக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு இலக்கமாக அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"அன்னையிலேருந்து ஒரு மாசம் கடை பூட்டுன்னு இப்பவே எழுதி ஒட்டிரு" என்றேன். "தமிழ்லயும் எழுது. நான் வாசிச்சுப் பாக்கணும்."