கூரையில் உப்பு

கல்பிட்டியில் பெரியும்மாவின் வீட்டைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். முகப்பில் இரண்டு கோபுரம், ஜன்னல்களுக்கு மேல் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, கூரை விளிம்பு நெடுகச் சுண்ணாம்புச் சாந்தில் வெள்ளைவெள்ளையாகத் தொங்கல். உம்மாவின் பாட்டனார், உப்பு வியாபாரி, நூறு வருடத்துக்கு முன் கட்டியது. வழக்கப்படி அது மூத்த பேத்தியான, உம்மாவின் அக்கா பெரியும்மாவுக்குப் போனது. இளையவளான உம்மாவுக்கு இரண்டறை வீடும், சீமை பிஸ்கட் வந்த, பாட்டனாரின் பழைய விசுக்கோத்துப் பெட்டியும்.

அந்தத் தகரப் பெட்டியில்தான் உம்மா ஊசி நூல் வைத்திருந்தார். படம் போட்ட பக்கம் எப்போதும் சுவரையே பார்க்கும். கேட்டால், "வெயில் பட்டா நெறம் போகும் புள்ள" என்பார்.

ஒருநாள் கொழும்பிலிருந்து கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் ஓர் ஆசிரியையோடு பெரியும்மாவின் வீட்டை அளக்க வந்தார்கள். பெரியும்மாவின் மகள் ராத்தா பெருநாள் சட்டையோடு தூணில் சாய்ந்து நின்றாள். ஆசிரியை கூரைத் தொங்கலைக் காட்டி, "இத யாரு வரைஞ்சது?" என்று கேட்டார்.

"லண்டன்ல படிச்ச வெள்ளக்கார இஞ்சினியர், மிஸ்" என்றாள் ராத்தா, கூசாமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் மிஸ். விசுக்கோத்துப் பெட்டியப் பாத்துக் கட்டின. பெட்டி எங்கட ஊட்லதான் இருக்கு."

ஓடிப்போய் ஊசி நூலைப் பாயில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தேன். படத்தில் ஒரு வெள்ளைக்கார மாளிகை. அதே இரண்டு கோபுரம், கூரையெல்லாம் பனி. பனியைக் கண்டிராத பாட்டனாருக்கு அது உப்பாகத் தெரிந்திருக்கிறது. "இவனும் நம்மட தொழில்தான். உப்பையும் வை" என்று கொத்துவேலை பாஸிடம் சொன்னாராம்.

வீட்டின் மானம் போகும் என்று காத்திருந்தேன். கெடுவான் கேடு நினைப்பான். ஆசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இப்படியொரு வீடு இலங்கையில வேற எங்கயும் இருக்காது" என்று பெட்டியை ராத்தாவின் கையில் கொடுத்து, வீட்டு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். பெரியும்மா கதவோரம் நின்று, "இதுலயா உங்கும்மா நூல் போட்டு வெச்சிருக்கா?" என்றார்.

பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது உம்மா பாயில் ஊசி பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். "உன்ன யாரு கேட்டா?" என்றதோடு சரி.

பெட்டியை அலுமாரிமேல் படம் தெரிய வைத்தேன், இனி எல்லோரும் பார்க்கட்டும் என்று. சற்று நேரத்தில் உம்மா எழுந்து வந்து, படத்திலிருந்த மாளிகையைப் பார்க்காமலே அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். வெயிலுக்குப் பயந்துதான் என்று நினைத்தேன். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.